கற்கண்டுக்கு முந்தைய காசி

திருத்தணி மலையில் முத்துசுவாமி தீட்சிதருக்கு நடந்ததாகச் சொல்லப்படும் கதை இந்த வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். கண்மூடி அமர்ந்திருந்தவரின் வாயில் ஒரு முதியவர் கற்கண்டைப் போட்டார். கண் திறந்து பார்த்தால் எதிரே முருகன். அந்தக் கணத்தில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற முதல் கீர்த்தனை பிறந்தது. அன்று முதல் 'குருகுஹ' என்பதே அவருடைய முத்திரை ஆனது. கேட்கக் கேட்க அலுக்காத கதை. ஆனால் கதை சொல்லும்போது நாம் ஒன்றை விட்டுவிடுகிறோம். தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று போற்றப்படுபவர். அந்த வீட்டில் 1775இல் பிறந்த பிள்ளை நடக்கத் தொடங்கியதிலிருந்து இசைக்குள்ளேயே வளர்ந்தது. பிறகு சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போய், அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கி, வீணையும் வேதாந்தமும் பயின்று, வடநாட்டு இசையையும் காதாரக் கேட்டுத் திரும்பினார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் திருத்தணிப் படிகளில் ஏறினார். அருளை நம்புகிறவர் நம்பட்டும், நானும் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. கற்கண்டு மட்டும் நினைவில் நிற்க, காசி மறந்துபோகிறதே என்பதுதான் என் கவலை.

மலையிலிருந்து இறங்கித் திருவள்ளூர் சாலையில் வந்தால் கனகம்மாசத்திரம். சென்னை – திருப்பதிச் சாலையில் பேருந்துகள் நின்று போகும் ஊர். பக்கத்திலேயே காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் திருவாலங்காடு. இந்த வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், அல்லது அதற்கு நேர்மாறாகப் பேசி வளரும் குழந்தைகள் ஏராளம். இரண்டு மொழியையும் யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை, தெருவே சொல்லிக்கொடுத்தது. அதே குழந்தை ஆறாம் வகுப்புக்கு வரும்போது, "இவனுக்கு இங்கிலீஷ் மண்டையில ஏறாதுங்க" என்று வீட்டார் ஆசிரியரிடம் சொல்லிவிடுகிறார்கள். ஆசிரியரும் தலையாட்டிவிடுகிறார். இரண்டு மொழி ஏறிய மண்டையில் மூன்றாவது ஏன் ஏறாது என்று கேட்பார் இல்லை.

திறமை பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டதா, வளர்க்கக் கூடியதா? பிறவிதான் என்று ஒருவர் நம்பிவிட்டால் அவருக்கு என்ன ஆகிறது? அந்த நம்பிக்கையை அவருக்கு யார் கொடுத்தார்கள்? முதல் கேள்வியைப் பற்றி உலகமே பேசியிருக்கிறது. இரண்டாவதை உளவியலாளர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். மூன்றாவதுதான் நம்மை நேரே தொடுவது. அதற்கு விடை குழந்தையின் மனதுக்குள் இருப்பதைவிட அதிகமாக நம் ஏற்பாடுகளுக்குள்தான் இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

நம் மரபு இதில் ஒரே குரலில் பேசியதே கிடையாது. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்து அறத்துப்பாலை முடிக்கிறார். பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் கொடுக்கிறார். எல்லாம் முன்பே விதிக்கப்பட்டது என்று வாதிட்ட ஆசீவகர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். மணிமேகலையும் நீலகேசியும் அவர்களோடு வாதாடுகின்றன. தெருப்பேச்சும் அப்படித்தான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்லும் அதே வாய், அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறது. ஆக, தமிழர் விதியை நம்புகிறவர்கள், அதனால்தான் முன்னேறவில்லை என்று சொல்வது சோம்பல் விளக்கம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தப் பழமொழியை யாருக்குச் சொல்கிறோம்? தன் பிள்ளைக்கு அம்மியையும் ஊரான் பிள்ளைக்கு ஐந்தையும் சொல்வதுதான் நடந்துவருகிறது.

இந்தக் கேள்வி அறிவியலின் பெயரால் ஒரு சோதனையாக உருவெடுத்தது 1905இல். பாரிஸ் பள்ளிகளில் பின்தங்கிய குழந்தைகளை அடையாளம் கண்டு தனியாக உதவுவதற்காக ஆல்ஃபிரெட் பினே, தியோடோர் சிமோனுடன் சேர்ந்து ஒரு சோதனையை வடிவமைத்தார். நுண்ணறிவு மாறாத அளவுடையது என்ற முடிவுக்கு அதைப் பயன்படுத்துவதை 1909இல் அவரே கடுமையாக எதிர்த்து எழுதினார். பயிற்சியால் கவனமும் நினைவும் தீர்ப்பும் வளரும் என்பது அவர் கட்சி. 1911இல் அவர் இறந்த பிறகு சோதனை அமெரிக்காவுக்குப் போய், 1916இல் லூயிஸ் டெர்மன் கையில் ஸ்டான்ஃபோர்டு–பினே சோதனை ஆனது. எந்தக் குழந்தைக்கு உதவ வேண்டும் என்று கேட்ட கருவி, எந்தக் குழந்தைக்கு உதவி வீண் என்று சொல்லும் கருவியாக மாறியது. நுண்ணறிவு பெரும்பாலும் பரம்பரை என்ற எண்ணத்துக்கு அது வலுச் சேர்த்தது.

அந்த எண்ணத்தில் உண்மையே இல்லையா? இருக்கிறது. மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு. இரட்டையர் ஆய்வுகள் மரபணுவின் பங்கைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் எரிக் டர்க்ஹைமரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் அமெரிக்காவின் ஏழு வயது இரட்டையர்களை ஆராய்ந்தபோது, ஏழைக் குடும்பங்களில் மரபணுவின் பங்கு கிட்டத்தட்டக் காணாமல் போய், வளரும் சூழலே வேறுபாட்டில் பெரும்பங்கை விளக்கியது. ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. அங்கே ஏழைக்கும் ஓரளவு நல்ல பள்ளியும் மருத்துவமும் கிடைப்பது காரணமாக இருக்கலாம். சோறும் பள்ளியும் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்த பிறகுதான் விதையின் தரத்தைப் பற்றிப் பேசவே தகுதி வருகிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

நம் மாநிலத்தின் கணக்கே இதற்குப் பெரிய சாட்சி. 1951இல் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேர். 2011இல் 80 பேர். 2021–22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47, பெரிய மாநிலங்களில் முதலிடம். அறுபது எழுபது ஆண்டுகளில் எந்த இனத்தின் மரபணுவும் மாறிவிடாது. தாத்தாவுக்கு ஏறாத படிப்பு பேத்திக்கு ஏறியது என்றால், அது தாத்தாவின் தலைக்குள் இருந்த குறை அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி இரண்டாம் கேள்வி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேரல் டுவெக் இதில் நன்கு அறியப்பட்ட பெயர். கிளாடியா முல்லருடன் அவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தன. புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் பலர் எளிய புதிர்களையே தேடினார்கள். தோற்றபின் முன்பு செய்ததைக்கூடச் சரியாகச் செய்யவில்லை. மதிப்பெண்ணை எழுதித் தரச் சொன்னபோது மூன்றில் ஒருவருக்கும் மேல் கூட்டி எழுதினார்கள். வசை மட்டும் பிள்ளையைக் கெடுப்பதில்லை, பிறவித் திறமையைப் புகழ்வதும் கெடுக்கிறது. "எங்க பொண்ணு பொறந்ததுலேர்ந்தே கணக்குல புலி" என்று விருந்தாளிகள் முன் சொல்லும் வீடுகள் இதைப் படிக்க வேண்டும். புலி என்று பெயர் வாங்கியவள் ஒரு கணக்கு வராதபோது யாரிடமும் கேட்க மாட்டாள். கேட்டால் புலி இல்லை என்று ஆகிவிடும்.

டுவெக்கின் நூல் 2006இல் வந்ததும் இந்தக் கருத்து பள்ளிச் சுவர்களில் ஏறியது. 'வளரும் மனப்பான்மை', 'தேங்கிய மனப்பான்மை' என்று இரண்டு பட்டியல் போட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நம்மூர் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கும் அது கிடைத்தது. பிறகு வந்த சோதனைகள் உற்சாகத்தைக் குறைத்தன. 2018இல் விக்டோரியா சிஸ்க் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனப்பான்மைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது என்று தெரிந்தது. இங்கிலாந்தில் ஆசிரியர்களைக் கொண்டு நடத்திய பெரிய சோதனையில், 2019இல் வெளியான முடிவுப்படி, மாணவர்களின் மதிப்பெண் உயரவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் டேவிட் யேகர் குழுவினர் நடத்திய தேசிய ஆய்வு வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பாடம், பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணை நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி உயர்த்தியது. உடன் படிப்பவர்களும் கடினமானதை முயன்று பார்க்கும் பள்ளிகளில்தான் பலன் தெரிந்தது. அந்தச் சூழல் இல்லாத இடத்தில் பாடம் பயன்படவில்லை.

இந்தக் கடைசிச் செய்தியைப் பலரும் அடிக்குறிப்பாகக் கடந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் நடுநாயகமாகத் தெரிகிறது. 'உன்னால் முடியும்' என்று குழந்தையிடம் சொல்வதற்கு ஓரளவு பலன் உண்டு. சொன்னது உண்மையாக இருக்கும் வகுப்பறையில்தான் உண்டு. கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் அதையே சொன்னால், தோல்வியின் பழியையும் குழந்தையின் தலையில் வைப்பதாக முடியும். உழைப்பைப் புகழ்ந்தால் போதும் என்று ஆசிரியர்கள் புரிந்துகொண்டதை டுவெக்கே 2015இல் பொய்யான வளர்ச்சி மனப்பான்மை என்று கண்டித்தார். உழைத்தும் வரவில்லை என்றால் வேறு வழியைச் சொல்லித்தர வேண்டும், சும்மா தட்டிக்கொடுத்து அனுப்பக் கூடாது என்பது அவர் சொன்னது.

இந்தியாவுக்கு வந்தால் கேள்வியே உருமாறிவிடுகிறது. அமெரிக்கக் குழந்தை "எனக்குக் கணக்கு வராது" என்கிறது. இங்கே "எங்களுக்குப் படிப்பு வராது" என்று பன்மையில் சொல்லவைத்திருக்கிறோம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்திய சோதனையை இந்தத் துறையில் எழுதுகிற எவரும் தாண்டிப் போக முடியாது. உயர்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களையும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துத் தாளில் வரைந்த சுற்றுவழிப் புதிர்களைத் தீர்க்கச் சொன்னார்கள். தீர்த்த ஒவ்வொன்றுக்கும் காசு. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஒன்றுபோலவே செய்தன. எல்லோர் முன்னிலையிலும் பெயரையும் சாதியையும் வாசித்த பிறகு, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அந்தச் சில நிமிடங்களில் யாருடைய மூளையும் மாறவில்லை. இங்கே நாம் எப்படி நடத்தப்படுவோம் என்ற பழைய அனுபவம் விழித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

'திறமை பிறவி' என்ற நம்பிக்கை நம் நாட்டில் உளவியல் விஷயமாகத் தொடங்கவில்லை, சமூக ஒழுங்காகத் தொடங்கியது. சென்னை மாநில முதல்வராக இருந்த ராஜாஜி 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வி மாற்றத் திட்டம் இதன் அண்மைய, எழுத்துபூர்வமான வடிவம். கிராமப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். பள்ளிகளும் பணமும் போதாத காலத்தில் ஒரே கட்டடத்தில் இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசின் வாதம். அதில் நிர்வாகக் கணக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் வண்ணார் பிள்ளை வெளுக்கவும் குயவர் பிள்ளை வனையவும் போகட்டும் என்று ஓர் அரசே அட்டவணை போட்டால், பிள்ளைகள் அதைக் கணக்காகவா படிப்பார்கள்? குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியார் எதிர்த்தார். ராஜாஜி 1954இல் விலகினார். அந்த ஏப்ரலில் முதல்வரான காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் மதிய உணவும் புதிய பள்ளிகளும் வந்தன. எழுத்தறிவில் 21 என்ற எண் 80ஐ நோக்கி நகரத் தொடங்கியது இப்படித்தான். தன்னம்பிக்கை வகுப்பு எதுவும் அப்போது நடக்கவில்லை. பள்ளி நடக்கும் தூரத்துக்கு வந்தது, அங்கே சோறு போட்டார்கள்.

பிறவித் திறமை என்ற பேச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு, அது புகழ்ச்சியாக வரும். திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகள் பல. அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் அவற்றில் உண்டு. இருளர் பாம்பு பிடிப்பதைப் பற்றிப் பேசும்போது, "அது அவங்க ரத்தத்துலயே ஊறினது" என்று வியந்து சொல்வோம். ரத்தத்தில் எதுவும் ஊறவில்லை. மண்ணில் பதிந்த தடத்தையும், வளை வாயில் உதிர்ந்த சட்டையையும் சிறு வயதிலிருந்து பெரியவர்களோடு நடந்து கற்ற படிப்பு அது. வட நெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்தப் படிப்பை நச்சுமுறிவு மருந்துக்கான தொழிலாக்கியது. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். தங்கள் காட்டில் இல்லாத பர்மிய மலைப்பாம்பை, பழகாத சதுப்பு நிலத்தில் தேடிப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பிறவி அறிவு என்றால் பர்மிய மலைப்பாம்பு எப்படி அதற்குள் வந்தது? புதிய உயிரை, புதிய நிலத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ரத்தம் என்று சொல்லும்போது அந்த உழைப்பை மறைத்துவிடுகிறோம். கூடவே, வேறு எதுவும் இவர்களுக்கு வராது என்றும் சொல்லாமல் சொல்கிறோம்.

பெரியவர்கள் மாற மாட்டார்கள் என்பது இந்த நம்பிக்கையின் கடைசிக் கோட்டை. அதை உடைத்த நிகழ்ச்சி நம் மாநிலத்திலேயே நடந்தது. புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். கல் உடைக்கும் பெண்களும், வயல் வேலைக்குப் போகிறவர்களும், பேரன் பேத்தி எடுத்தவர்களும் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் நகருக்குள் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் கற்றதாக அங்கே சென்று பார்த்து எழுதிய பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பொம்பளைக்கு சைக்கிள் வராது என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக உறுதியாக இருந்தது. ஓர் ஆண்டில் கலைந்துபோனது. ஏன் அவ்வளவு சீக்கிரம்? தனியாக ஒருத்தி ஓட்டினால் கேலி. தெருவே ஓட்டினால் கேலி செய்ய ஆள் இல்லை. கூடவே, தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பேருந்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்ற கண்கூடான பலன்.

பெரியவர்களும் மாறுவார்கள் என்பதற்கு மூளையியல் ஆதாரமும் இந்தியக் கிராமத்திலிருந்தே வந்தது. லக்னோவுக்கு அருகிலுள்ள ஊர்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு, பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டிய பெண்கள், ஆறு மாதம் தேவநாகரி கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, மூளையின் மேற்புறணியில் மட்டுமல்ல, ஆழத்தில் உள்ள தலாமஸ், மூளைத்தண்டு வரை மாற்றம் தெரிந்தது. ஐம்பதில் வளையுமா என்று அந்த ஆய்வு கேட்கவில்லை. முப்பதில் நன்றாகவே வளைகிறது.

திருத்தணிக்கே திரும்பினால் இந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய மனிதர்கள் உரைகல்லாக நிற்கிறார்கள். ஒருவர் 1888 செப்டம்பர் 5இல் இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இன்னொருவர், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்து சேர்வதற்கு மங்கலங்கிழாருடன் சேர்ந்து போராடிய ம.பொ. சிவஞானம். ராதாகிருஷ்ணன் திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னை என்று படிப்படியாக, உதவித்தொகை கைகொடுக்க, கல்வியில் ஏறினார். தத்துவத்தை எடுத்ததற்குக் காரணம் உறவினர் ஒருவர் படித்து முடித்த புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததுதான் என்பது அவர் வரலாற்றில் எல்லோரும் சொல்வது. பிறவித் தத்துவஞானி என்று நாம் நினைப்பவர், வேறு புத்தகம் கிடைத்திருந்தால் வேறு துறைக்குப் போயிருப்பார். ம.பொ.சி.யின் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு வறுமையால் நின்றது. அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தார். சிறையில் இலக்கியம் படித்தார். சிலம்புச் செல்வர் ஆனார். 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' நூலுக்கு 1966இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சட்ட மேலவைத் தலைவராக அமர்ந்தார்.

மேடைகளில் ம.பொ.சி.யைச் சாட்டையாகப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். "மூணாங்கிளாஸ் படிச்சவரே ஜெயிச்சார், உனக்கென்ன கேடு?" அவர் வாழ்க்கை சொல்வது அதுவல்ல. எழுத்துகள் கை நிறையப் புழங்கும் அச்சகம் ஒரு பள்ளியாக அமைந்தது. படித்தவர்களோடு அடைத்துவைத்த சிறை ஒரு கல்லூரியாக அமைந்தது. தேசிய இயக்கம் தொழிலாளியை மேடையேற்றிப் பேசவைத்தது. இவை கிடைக்காமல் மூன்றாம் வகுப்போடு நின்ற எத்தனையோ பேரின் வாழ்க்கையை யாரும் எழுதவில்லை. பள்ளி தவறவிட்டதை வேறு இடங்கள் ஈடுசெய்த அபூர்வம் அவர். பள்ளி தவறவிடலாம் என்பதற்கு அவர் சான்றாக மாட்டார்.

மாற மறுப்பவர்களைப் பற்றி இங்கே ஒரு சொல். "எனக்கு வராது" என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று நினைப்பது எளிது. அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து பார்த்தால் அது புத்திசாலித்தனமான முடிவு. முயன்று தோற்றால் மக்கு என்று பெயர். முயலாமல் தோற்றால் 'படிக்க மாட்டேங்கிறான்' என்று பெயர். இரண்டாவதில் மானம் மிச்சம். ஐம்பத்தைந்து வயது எழுத்தர் புதிய கணினி மென்பொருளைத் தொட மறுப்பதும் இதே காரணத்தால்தான். நேற்று வேலைக்கு வந்த பையன் முன் தவறு செய்வது அவருக்கு முப்பது வருடச் சம்பாத்தியத்தை இழப்பது. குடும்பங்களின் மறுப்பிலும் கணக்கு உண்டு. மூத்தவன் பி.ஈ. முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பதைப் பார்த்த வீடு, இளையவனிடம் "படிச்சு என்ன கிழிக்கப் போற" என்று கேட்டால், அது மனப்பான்மைக் கோளாறு என்று எழுதிவிட்டுப் போக முடியாது. தவறு செய்வதன் விலை குறைந்தால் மறுப்பும் குறையும். விலையை வைப்பவர்கள் வகுப்பில் ஆசிரியர், அலுவலகத்தில் மேலாளர், வீட்டில் நாம்.

விலையைக் குறைத்துப் பார்த்த முயற்சிகள் அருகிலேயே இருக்கின்றன. திருத்தணியைப் போலவே ஒருகாலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி பள்ளியின் கிராமக் கல்வி மையம், பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக உடைத்து ஏணிபோல் அடுக்கியது. ஒவ்வொரு குழந்தையும் தன் படியில் நின்று, அதை முடித்து, அடுத்த படிக்குப் போகலாம். பக்கத்துப் பிள்ளை எங்கே இருக்கிறது என்பது பொருட்டில்லை. அதைப் பார்த்துவந்துதான் எம்.பி. விஜயகுமார் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007–08க்குள் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளில் பரவியது. பாயில் உட்கார்ந்து அட்டைகளோடு வேலை செய்த அந்த வகுப்புகளைப் பிறகு பல காரணங்களால் நீர்த்துப்போக விட்டோம். பயிற்சி பெறாத கைகளில் அட்டையும் வெறும் சடங்காகிவிடும் என்பது அதன் பாடம்.

பெருந்தொற்றுக்குப் பின் கிடைத்த சான்று இதைவிட வலுவானது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளிகள் மூடியிருந்த காலம் குழந்தைகளைக் கணக்கிலும் மொழியிலும் வெகுவாகப் பின்னுக்குத் தள்ளியிருந்தது; வசதியற்ற வீட்டுக் குழந்தைகளுக்கு அடி கூடுதல். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. பின்தங்கியவர்களே வேகமாக மீண்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளின் பங்களிப்பு. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் பெண்கள். கோயில் திண்ணையிலும் வீட்டு வாசலிலும் நடந்த ஒன்றரை மணி நேர வகுப்பு ஒரு குழந்தையின் 'திறமையை' அரையாண்டில் நகர்த்துகிறது என்றால், அதை நிலையான அளவு என்று எப்படிச் சொல்வது?

2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துக் கற்பிக்கிறது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது சரியான வழி. வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் அமைப்பு நடத்திய துணைவகுப்புகளின் பலனை பானர்ஜி, டூஃப்லோ குழுவினர் 2007லேயே காட்டியிருக்கிறார்கள். ஆபத்து ஒன்று உண்டு. ஜூனில் அரும்பு என்று குறித்த பிள்ளை மார்ச்சிலும் அரும்பாகவே இருந்தால், அது நிலையின் பெயராக நிற்காமல் பிள்ளையின் பெயராகிவிடும். பினேயின் சோதனைக்கு நேர்ந்தது இங்கேயும் நேரலாம்.

அது நேர்ந்துவிட்ட இடம் உயர்நிலை வகுப்புகள். 'மெல்லக் கற்கும் மாணவர்' என்ற முத்திரை ஒன்பதாம் வகுப்பில் விழுகிறது. பத்தாம் வகுப்பில் அவர்கள் கையில் தேர்ச்சிக்கு மட்டும் போதுமான கையேடு வைக்கப்படுகிறது. எந்தக் கேள்வி வரும், எந்த வரைபடம் நிச்சயம் என்று மனப்பாடம் செய்து 35 எடுக்க வேண்டும். தனியார் பள்ளிகளில் 'ஏ செக்‌ஷன்', 'சி செக்‌ஷன்'. பதினோராம் வகுப்பில் மதிப்பெண் பார்த்துக் குரூப். நல்லெண்ணத்தோடு மாலை வரை உட்கார்ந்து அந்தக் கையேட்டை நடத்தும் ஆசிரியர்களை நான் மதிக்கிறேன். தேர்ச்சி விகிதத்துக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் பின்னக் கணக்கு ஐந்தாம் வகுப்பிலேயே விட்டுப்போன பிள்ளைக்கு, பதினைந்தாம் வயதிலும் பின்னத்தைச் சொல்லித்தராமல் வரைபடத்தைப் போடவைத்து அனுப்பினால், "எனக்குக் கணக்கு வராது" என்பதற்கு அரசே சான்றிதழ் எழுதிக் கொடுத்ததாகிறது.

அதற்கு மாற்று செலவு மிகுந்த கனவல்ல. ஒன்பதாம் வகுப்பின் முதல் மூன்று மாதம் தினம் ஒரு பீரியடை விட்டுப்போன பின்னத்துக்கும் வாசிப்புக்கும் ஒதுக்கலாம். பிரித்த பிரிவுகளை ஒவ்வொரு பருவமும் கலைத்துத் திரும்பச் சோதிக்கலாம். அந்த மூன்று மாதத்துக்கு அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். சொல்லித்தர ஆள்? கனகம்மாசத்திரத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்குப் பஞ்சமில்லை. இல்லம் தேடிக் கல்விக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு வந்தவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தான். இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, உயர்நிலைப் பள்ளியின் வாசலுக்குள் அவர்களை அழைக்க வேண்டும்.